கருவி செய்வோர்க்கும் இடம் வேண்டும்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் உண்மையைக் கண்டவனைப் போற்றுவர். நோய் தீர்த்த மருந்தைப் போற்றுவர். அவ்விரண்டுக்கும் இடையில் நின்று, காணுதற்குக் கண்ணும் தீண்டுதற்குக் கையுமாக உதவிய கருவியை ஆக்கிக் கொடுத்தவனை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு மேற்செல்வர். இவ்வழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டெனினும், நிர்ப்பீடனவியலிலும் புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இதனால் விளைந்த கேடு சிறிதன்று. அதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குதல் எமது கருத்து. கீமோகைன் வாங்கிகளுக்கு எதிராக ஆக்கப்படும் ஒருகுலப் பிறபொருளெதிரிகளே அவ்வெடுத்துக்காட்டு. பெயர் கேட்ட அளவில் வாசகர் அஞ்சவேண்டா. பொருள் அத்துணைக் கடினமன்று.

உடலிலுள்ள வெண்குருதிக்கலங்கள் ஓரிடத்திலே தங்கியிருப்பன அல்ல. காலில் முள் தைத்தால் சிறிது நேரத்துள் அவ்விடம் சிவந்து வீங்குகின்றது. குருதியோடு சென்றுகொண்டிருந்த கலங்கள் வழியைவிட்டு இறங்கி அங்கே வந்து குவிகின்றன. அவற்றுக்கு வழிகாட்டியது யாது? அடுக்களையின் மூலையில் ஒரு பனங்கட்டித் துண்டு விழுந்தால், எறும்புகள் அதன் வாசத்தைப் பற்றிக்கொண்டு நிரையாக வருவதைக் காண்கின்றோம். அதுபோலவே, காயமுற்ற இழையம் சில சிறு புரதங்களைச் சுரக்கின்றது. அப்புரதம் செறிந்துள்ள திசையை நோக்கிக் கலங்கள் ஊர்கின்றன. இவற்றுட் புகழ்பெற்றதாகிய இன்ரலியூக்கின்-8 என்பது 1987இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1992இல் இக்குடும்பம் முழுவதற்கும் கீமோகைன் என்னும் பொதுப்பெயர் வழங்கப்பட்டது. மனிதரில் ஏறத்தாழ 50 கீமோகைன்களும், கலங்களின் மேற்புறத்தில் நின்று அவற்றை உணரும் ஏறத்தாழ 20 வாங்கிகளும் உள்ளன. எந்தக் கலம் எந்த வாங்கியை அணிந்துள்ளதோ, அதுவே அக்கலம் உடலில் எங்கே செல்லும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

இது வெண்குருதிக்கலத்துக்கு மாத்திரம் உரிய செய்தியாயிருப்பின் நிர்ப்பீடனவியலார் மட்டும் கவலைப்பட்டிருப்பர். புற்றுநோயும் இவ்வழியையே பயன்படுத்துகின்றது. இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்ரீபன் பாஜெற் என்பார் 1889ஆம் ஆண்டிலே, மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்து, நோய் சென்று பரவும் உறுப்புக்கள் தற்செயலாக அமைவன அல்ல என்று காட்டினார். விதை எங்கும் சிதறுகின்றது; ஆயினும் ஏற்ற நிலத்திலே மட்டும் முளைக்கின்றது என்பது அவர் கூறிய விளக்கம். உழுதுண்டு வாழும் எம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் நிலத்தின் பொருத்தம் எதனால் அமைகின்றது என்பதை ஒரு நூற்றாண்டுக்குமேல் எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. 2001இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அதற்கு ஒரு விடையைத் தந்தது. மார்புப் புற்றுக்கலங்கள் சி.எக்ஸ்.சி.ஆர்.-4 என்னும் வாங்கியை மிகுதியாக அணிந்திருந்தன. அவ்வாங்கி உணரும் கீமோகைனோ நுரையீரல், ஈரல், என்புமச்சை, நிணநீர்க்கணு ஆகிய இடங்களிலே, அஃதாவது மார்புப் புற்றுநோய் சென்று குடியேறும் அதே இடங்களிலே, மிகுதியாகச் சுரந்துகொண்டிருந்தது. இப்பொருத்தம் தற்செயலா, காரணமா என்பதை எவ்வாறு துணிவது? அவ்வாங்கியை மறைத்து நிற்கும் பிறபொருளெதிரியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். நோய் பரவுதல் குறைந்தது. அந்த முடிவை ஏற்கும்படி செய்தது அப்பிறபொருளெதிரி. அது நம்பத்தகாததாயின் ஆராய்ச்சி முழுவதும் மணல்வீடாகும்.

அத்தகைய பிறபொருளெதிரியைப் பெறுதல் எளிதன்று. கீமோகைன் வாங்கி என்பது கலமென்சவ்வை ஊசிநூல் துணியைத் தைப்பதுபோல ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு நீண்ட புரதம். வெளியே தெரிவன, நூலின் தொங்கும் தலைப்பும் மூன்று சிறு மடிப்புக்களுமே. எஞ்சியவை கொழுப்புப் படையினுள்ளும் கலத்தினுள்ளும் மறைந்து கிடக்கின்றன. துணியிலிருந்து நூலை உருவி எடுத்தால் தையலின் வடிவம் இருக்குமா? அவ்வாறே மென்சவ்விலிருந்து பிரித்தெடுத்த வாங்கியும் தன்னுருவை இழந்துவிடுகின்றது. சாதாரணப் புரதமாயின் அதனைத் தூய்மையாக்கி விலங்கின் உடலிற் செலுத்தினாற் போதும்; விலங்கு அதற்கெதிரான பிறபொருளெதிரியை ஆக்கிக் கொடுக்கும். இங்கே செலுத்துதற்குச் செம்மையான பொருளே கையில் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு வாங்கி இன்னொன்றைப் பெரிதும் ஒத்திருக்கின்றது; மனிதருடைய வாங்கி சுண்டெலியினுடையதையும் ஒத்திருக்கின்றது. தன்னுடையதைப் போன்றதொன்றைச் சுண்டெலியின் உடல் பகையாகக் கருதாது வாளாவிருந்துவிடும்.

ஆகவே ஆராய்ச்சியாளர் பல உபாயங்களைக் கையாண்டனர். தொங்கும் தலைப்பை மட்டும் ஒரு சிறு பெப்தைட்டாக ஆக்கிச் செலுத்துவோர் சிலர். வாங்கியை மிகுதியாக அணியும்படி மாற்றிய முழுக் கலங்களையே செலுத்துவோர் சிலர். வாங்கியை ஆக்கும் பரம்பரையலகைச் செலுத்தி, விலங்கின் உடலே அதனைச் செய்துகொள்ளும்படி விடுவோர் சிலர். எவ்வழியாயினும், கிடைக்கும் ஆயிரக்கணக்கான கலங்களுள் வேண்டிய ஒன்றைத் தெரிந்தெடுத்தலே பெரும்பாடு. நெற்குவியலில் ஒரு குன்றிமணியைத் தேடுவோன் அது அங்கே உண்டென்றாவது அறிவான்; இவர்க்கு அந்த உறுதியும் இல்லை.

தெரிந்தெடுத்த ஒன்றை அழியாது வைத்திருக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜ் நகரத்து மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் செசார் மில்ஸ்ரைன், ஜோர்ஜ் கோலர் என்னும் இருவர் கண்டனர். மில்ஸ்ரைன் ஆர்ஜென்ரீனா நாட்டிற் பிறந்தவர். தாய்நாட்டு அரசியற் குழப்பத்தால் தமது ஆய்வுத்துறை குலைந்தபோது மீண்டும் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர். கோலர் முப்பது வயதும் நிரம்பாத ஜேர்மன் இளைஞர். பிறபொருளெதிரியைச் சுரக்கும் மண்ணீரற் கலம் உடலுக்கு வெளியே சில நாட்களில் இறந்துவிடும். மையலோமா என்னும் புற்றுக்கலமோ முடிவின்றிப் பெருகும். இவ்விரண்டையும் இணைத்து ஒரு கலப்புக் கலம் ஆக்கினர். ஒன்று தந்தது அறிவு; மற்றது தந்தது ஆயுள். அக்கலப்புக் கலம் ஒன்றின் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே பிறபொருளெதிரியைச் சுரந்தமையால் அதனை ஒருகுலப் பிறபொருளெதிரி எனல் பொருந்தும். கலங்களை ஒட்டவைப்பதற்கு அவர்கள் அன்று பயன்படுத்தியது சென்டாய் வைரசு. யப்பானிலுள்ள சென்டாய் நகரத்தின் பெயரை அது தாங்கியது. அந்நகரம் இக்கதையிற் பின்னரும் வரும்.

மில்ஸ்ரைன் செய்த மற்றொரு செயலையும் சொல்லவேண்டும். தம் கலங்களைக் கேட்டவர்க்கெல்லாம் அவர் அனுப்பிவைத்தார். ஆக்கவுரிமை பெறுவது பற்றி உரிய அரசாங்க நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டதாயினும், உடனடியான பயன் எதுவும் தெரியவில்லையென அந்நிறுவனம் கைவிட்டது. அவர் அனுப்பிய கலங்களைக் கொண்டு ஆராய்ந்த பிலடெல்பியா நகரத்து விஸ்ரார் நிறுவனத்தார், புற்றுநோய்க்கும் இன்புளுவென்சாவுக்கும் எதிரான பிறபொருளெதிரிகளுக்கு 1979, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றனர். பிரித்தானியாவில் இது பெருங்குறையாகப் பேசப்பட்டது. கிடைக்கவேண்டிய செல்வம் கைநழுவிற்றென்று பலர் வருந்தினர். எமது கருத்து வேறு. அக்கலங்கள் தடையின்றிப் பரவியமையாலன்றோ பத்தாண்டுக்குள் உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்கள் அவ்வித்தையைக் கற்றுக்கொண்டன! 1984இல் மில்ஸ்ரைனுக்கும் கோலருக்கும், கொள்கையளவில் வழிவகுத்த நீல்ஸ் ஜேர்னுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. கருவி செய்தவர்க்கு அடிக்குறிப்புக்கு மேலான இடம் கிடைத்த அரிய நிகழ்ச்சிகளுள் அஃது ஒன்று.

இனி, கீமோகைன் வாங்கியொன்றுக்கெதிரான பிறபொருளெதிரி முதன்முதல் மருந்தாகிய வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுவோம். யப்பானின் தென்பகுதியாகிய கியூஷுத் தீவிலிருந்து வந்த நோயாளர் சிலரிடத்து ஒரு புதுவகைக் குருதிப் புற்றுநோயைக் கியோத்தோ நகரத்து வைத்தியர் தக்காத்சுக்கியும் அவர்தம் கூட்டத்தாரும் கண்டு 1977இல் அறிவித்தனர். நுண்காட்டியில் நோக்கின் அக்கலங்களின் கரு பூவிதழ்போற் பல மடலாக விரிந்திருந்தது. நோயாளர் பெரும்பாலும் ஒரே பிரதேசத்திற் பிறந்தவர் என்பதை அவ்வைத்தியர் கவனியாது விட்டிருப்பின் கதை அங்கேயே முடிந்திருக்கும். எச்.ரி.எல்.வி.-1 என்னும் வைரசே இதற்குக் காரணமென்று பின்னர்த் தெரியவந்தது. பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் அவ்வைரசு பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தொற்றியவருள் நூற்றுக்குச் சிலரை முதுமையிற் பற்றிக் கொல்கின்றது. கடுமையான வகையாயின் நோயாளர் மாதக் கணக்கிலேயே உயிர்வாழ்வர். வழக்கமான மருந்துகளுக்கு அது விரைவில் அடங்க மறுத்துவிடும்.

இந்நோய்க் கலங்களுள் பத்தில் ஒன்பது அளவினவற்றில் சி.சி.ஆர்.-4 என்னும் கீமோகைன் வாங்கி காணப்பட்டது. அதனைக் காட்டியது ஒரு பிறபொருளெதிரி. இன்ரலியூக்கின்-8ஐப் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவராகிய கோஜி மத்சுஷிமா பின்னர் ரோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவர். அவரும் கியோவா ஹாக்கோ என்னும் கம்பனியாரும் சேர்ந்து அவ்வாங்கியின் தொங்கும் தலைப்பைப் பற்றிக்கொள்ளும் சுண்டெலிப் பிறபொருளெதிரியொன்றை ஆக்கியிருந்தனர். எந்தக் கலம் வாங்கியை அணிந்துள்ளது என்று அறிதற்கான கருவி அது. அக்கருவியே மருந்தாகவும் மாறக்கூடும் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. சுண்டெலிக்குரிய பகுதிகளை நீக்கி மனிதர்க்குரியவற்றை வைத்தனர். அவ்வளவோடு நிற்கவில்லை. பிறபொருளெதிரியின் தண்டுப் பகுதியில் இயல்பாக ஒட்டியிருக்கும் பியூகோசு என்னும் வெல்லத்தை அகற்றிவிட்டால், இயற்கைக் கொல்லிக் கலங்கள் அத்தண்டை மிக வலிதாகப் பற்றிக்கொண்டு எதிரிக் கலத்தைக் கொல்கின்றன என்பதை அக்கம்பனியின் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வெல்லத்தை ஒட்டும் நொதியத்துக்குரிய பரம்பரையலகை வெள்ளெலியினக் கலத்திலிருந்து அழித்து, அக்கலத்திலேயே மருந்தைச் சுரக்கச் செய்தனர். இத்துணைச் சிறிய மாற்றத்துக்கு இத்துணைப் பெரிய பயனா என்று வியப்பு உண்டாகின்றது.

மொகமுலிசுமாப் எனப் பெயரிடப்பெற்ற அம்மருந்து, நோய் மீண்ட யப்பானிய நோயாளரிடத்துப் பரீட்சிக்கப்பட்டபோது மதிப்பிடத்தக்க 26 பேருள் 13 பேர்க்கு நோய் தணிந்தது; அவருள் எண்மர்க்கு நோயின் சுவடே தெரியாது மறைந்தது. 2012 மார்ச்சில் யப்பான் அதனை அங்கீகரித்தது. பின்னர், தோலைப் பற்றும் ரி-கலப் புற்றுநோய்கள் இரண்டிலே 372 நோயாளரைக் கொண்டு நடத்திய பரீட்சையில், ஒப்பீட்டு மருந்து பெற்றவர்க்கு நோய் முற்றாது நின்ற இடைநிலைக் காலம் 3.1 மாதமாயிருக்க, இம்மருந்து பெற்றவர்க்கு 7.7 மாதமாயிற்று. 2018இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அங்கீகாரம் அளித்தன. எண்களை உள்ளபடி சொல்லுதல் வேண்டும். இது சஞ்சீவி மூலிகையன்று. பாதிப்பேர்க்கு அது பயன்படவில்லை. பயன்பட்டவர் பலர்க்கும் நோய் மீளவே செய்தது. ஆயினும் வேறு வழியற்று நின்றவர்க்குச் சில மாதங்கள் எத்துணைப் பெறுமதியுடையன என்பதை நோயாளியின் பக்கத்தில் இருந்தவரே அறிவர்.

மருந்து கருவியாகி மீண்டும் அறிவைத் தந்ததும் உண்டு. சி.சி.ஆர்.-4 வாங்கியைப் புற்றுக்கலங்களேயன்றி ஒழுங்காக்கும் ரி-கலங்களும் அணிந்துள்ளன. உடல் தன்னைத்தானே தாக்காதபடி நிர்ப்பீடனத்தை அடக்கிவைப்பவை இவை. அவற்றைக் கண்டு விளக்கியமைக்காகவே ஒசாக்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷிமோன் சக்காகுச்சிக்கும், அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்போர்க்கும் 2025ஆம் ஆண்டு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. சக்காகுச்சியின் கூட்டத்தார் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, இப்பிறபொருளெதிரி ஒழுங்காக்கும் கலங்களுள் மிக வலியனவற்றைத் தெரிந்து நீக்குகின்றதென்றும், அதனால் புற்றுநோய்க்கெதிரான நிர்ப்பீடனம் விழித்தெழுகின்றதென்றும் காட்டினர். அதே காரணத்தால் நோயாளர்க்குத் தோலிற் கடுமையான தடிப்பும் உண்டாகின்றது. இம்மருந்தைப் பெற்றுச் சின்னாளில் பிறருடைய என்புமச்சைக் கலங்களை ஏற்றுக்கொண்டவர்க்கு, அக்கலங்கள் உடலைத் தாக்கும் ஆபத்தும் மிகுகின்றது. காவற்காரனை அகற்றினால் கள்வன் மட்டுமா ஓடுவான்?

இத்துணையும் ஒரு நல்ல கருவியினால் விளைந்தவை. பொல்லாத கருவியினால் விளைவது யாது? பிறபொருளெதிரிகளைக் கம்பனிகள் சிறு குப்பிகளில் அடைத்து விற்கின்றன. இன்ன வாங்கியைப் பற்றும் என்று குப்பியின்மேல் எழுதியிருக்கும். ஆராய்ச்சி மாணவன் அதனை வேதவாக்காகக் கொள்வான். மென்சவ்வை ஏழு முறை ஊடுருவும் வாங்கிகளுக்கென விற்கப்பட்ட பிறபொருளெதிரிகள் பல, அவ்வாங்கியே இல்லாதபடி செய்யப்பட்ட விலங்கின் இழையத்திலும் அதே நிறத்தைக் காட்டின என்று 2009ஆம் ஆண்டிலேயே மருந்தியல் அறிஞர் எச்சரித்தனர். இல்லாத பொருளை உண்டென்று காட்டும் கருவி கருவியாமா? 2023இல் வெளிவந்த ஒரு பேராய்வு, நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 பிறபொருளெதிரிகளை ஒருமுகமாகச் சோதித்தது. தேறாதவை மிகப் பல. அவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகளும் மிகப் பல. விற்ற கம்பனிகள் சில அவ்வாய்வில் தாமே பங்குபற்றி, தேறாதவற்றைச் சந்தையினின்று விலக்கிக்கொண்டமை பாராட்டுக்குரியது. ஆயினும் அக்குப்பிகளை நம்பி ஆண்டுக்கணக்கில் உழைத்த மாணவரின் காலத்தை யார் மீட்டுக் கொடுப்பார்?

எமது நாட்டு வாசகர்க்கு இதனை விளங்கவைக்க வேறோர் உவமை உண்டு. சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்ததும் இத்தகைய பணியே. ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பிழையான பாடத்தைக் களைந்து, மெய்யான பாடத்தை நிறுத்தினார். அதன்மேற் கட்டப்பட்ட ஆராய்ச்சிகளுக்குக் கணக்கில்லை. பாடம் பிழைத்தால் உரை பிழைக்கும். உரை பிழைத்தால் அதன்வழி எழுந்த முடிபெல்லாம் பிழைக்கும். பதிப்பாசிரியனை எழுத்துக்கூட்டுவோன் என்று இகழ்ந்தவர் அக்காலத்தும் இருந்தனர். பிறபொருளெதிரியைச் சோதித்துத் தேர்பவனை, வேறெதுவும் செய்யத் தெரியாதவன் என்று ஒதுக்கும் மனப்பான்மை இக்காலத்துப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. புதிய கொள்கையொன்றைச் சொன்னவனுக்குப் பதவியுயர்வு கிடைக்கும். இருபது பிறபொருளெதிரிகளைச் சோதித்துப் பதினைந்து பொய் என்று காட்டியவனுக்கு நன்றியும் கிடைப்பதரிது.

செம்மையாகச் செய்தற்கு வழி தெரியாமல் இல்லை. 1982இல் பரிஸ் நகரத்திலே பல நாட்டு ஆய்வுகூடத்தார் தாம் ஆக்கிய வெண்குருதிக்கலப் பிறபொருளெதிரிகளைக் கொண்டுவந்து, யாருடையது எது என்று அறியாதபடி ஒருவர்க்கொருவர் கொடுத்துச் சோதித்தனர். ஒரே மூலக்கூற்றைப் பற்றுவன ஒரு தொகுதியாக்கப்பட்டு இலக்கம் பெற்றன. சி.டி.-4 என்றும் சி.டி.-8 என்றும் இன்று எந்தக் குருதிநோய் அறிக்கையிலும் காணும் இலக்கங்கள் அவ்வழக்கத்திற் பிறந்தவை. கீமோகைன் வாங்கிகளும் பின்னர் அவ்வரிசையில் இடம்பெற்றன, சி.சி.ஆர்.-4க்கு 194 என்பதும் சி.சி.ஆர்.-5க்கு 195 என்பதும் அவ்விலக்கங்கள். தன் சரக்கைப் பிறர் கண்ணை மூடிக்கொண்டு சோதிக்கும்படி கொடுப்பதற்கு மனத்திண்மை வேண்டும். அக்கூட்டங்களை ஒழுங்குசெய்தவர்களின் பெயரை இன்று எத்தனை வைத்தியர் அறிவர்?

எமது வேண்டுகோள் இரண்டு. ஆராய்ச்சிக்குரிய பிறபொருளெதிரியை வெளியிடுவோர், அது பற்றும் பொருள் இல்லாத கலத்திற் சோதித்த முடிவையும் உடன் வெளியிடவேண்டும். அதன் அமினோ அமில வரிசையையும் மறையாது தெரிவிக்கவேண்டும். வரிசை தெரிந்தால் எந்த நாட்டு ஆய்வுகூடமும் அதனை மீண்டும் பிழையின்றி ஆக்கிக்கொள்ளலாம். கலப்புக் கலம் இறந்தாலும் கருவி இறவாது.

இதற்கு வரும் மறுப்பை யாம் அறிவோம். வரிசையை வெளியிட்டால் கம்பனி எதனை விற்று வாழும்? கம்பனியார் பொருளைச் செலவிடாவிட்டால் மொகமுலிசுமாப் பிறந்திருக்குமா? பிறந்திராது; பியூகோசை அகற்றும் வித்தை பல்கலைக்கழகத்தின் மூலையில் எவரும் பொழுதுபோக்காகச் செய்து முடிக்கக்கூடியதன்று. மருந்துக்கு ஆக்கவுரிமை கூடாதென்பது எமது வாதமன்று. ஆயின் நோயாளியின் உடலிற் செலுத்தும் மருந்து வேறு. ஆய்வுமேசையில் உண்மையைத் தேடும் கருவி வேறு. அளவுகோலின் நீளத்தை இரகசியமாக வைத்துக்கொண்டு துணி அளப்பதற்கு எந்த வாணிகச் சங்கமும் இடந்தராது. மில்ஸ்ரைன் கலங்களைக் கொடுத்ததால் விஞ்ஞானம் ஏழையாகவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. சைவச் சூழலிற் கல்வி பயின்ற எம்மவர் அதனை எளிதில் உணர்வர். விலங்கின் உடலில் ஆக்கப்படும் ஒவ்வொரு புதுப் பிறபொருளெதிரியின் தோற்றத்திலும் ஒரு விலங்கின் மரணம் இருக்கின்றது. முன்னாளிற் கலப்புக் கலத்தைச் சுண்டெலியின் வயிற்றில் வளரவிட்டு, அங்கே சேரும் நீரை எடுக்கும் முறையும் பரவலாயிருந்தது. அவ்விலங்கு படும் துன்பம் கண்டு ஐரோப்பிய நாடுகள் சில அதனைத் தடுத்தன. 1999இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்றும் கூடியவரை அதனைத் தவிர்க்கும்படி கூறிற்று. 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆய்வு நிலையம், பிறபொருளெதிரி ஆக்கத்துக்கு விலங்கே வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. விஞ்ஞானிகள் பலர் அதனை மறுத்தனர். மென்சவ்வுக்குள் மறைந்து நிற்கும் வாங்கிகளைப் பொறுத்தவரை, உயிருள்ள உடலின் தேர்வுத்திறனுக்கு நிகரான வழி எப்போதும் கையிலில்லை என்பது அவர்கள் கூறும் நியாயம். அதனை யாமும் பொய்யென்னமாட்டோம். கொல்லாமையை உயரிய அறமாகக் கொண்டவரும், தம் குழந்தைக்குக் குருதிப் புற்றுநோய் வந்தால் இம்மருந்துகளை வேண்டாமென்னார். ஆனால், ஏற்கெனவே ஆக்கிய பிறபொருளெதிரியின் வரிசையை மறைத்தமையால் பிறிதோர் ஆய்வுகூடம் அதனையே மீண்டும் ஆக்கப் பத்துச் சுண்டெலிகளைக் கொல்லுமாயின், அக்கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. முற்காட்டிய இரண்டு வேண்டுகோள்களையும் வெறும் நிருவாகச் செய்தியாக யாம் கருதாமைக்கு இதுவே காரணம்.

முன்னர்க் குறித்த சென்டாய் நகரத்துக்கு மீள்வோம். அங்குள்ள தொகொக்குப் பல்கலைக்கழகத்திலே யுக்கினாரி கத்தோவும் அவர்தம் கூட்டத்தாரும் பல ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்துவருகின்றனர். வாங்கியை மிகுதியாக அணிந்த கலங்களை விலங்குக்குச் செலுத்தி, தெரிந்தெடுப்பதற்கும் அத்தகைய கலங்களையே பயன்படுத்துதல் அவர்கள் முறைகளுள் ஒன்று. தொங்கும் தலைப்பின் பெப்தைட்டைக் கொண்டு ஆக்குதல் மற்றொன்று. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கீமோகைன் வாங்கிகளுக்குரிய பிறபொருளெதிரிகளை ஆக்கி, ஒவ்வொன்றும் உறவினமான வேறு வாங்கிகளைப் பற்றுகின்றதா என்று நிரைப்படுத்திச் சோதித்து, ஒரு பிறபொருளெதிரி வங்கியிற் சேர்க்கின்றனர். அவர்களுடைய கட்டுரைகள் பெரும்பாலும் சிறியன; ஆரவாரமற்றன. ஒரு வாங்கி, ஒரு பிறபொருளெதிரி, அது எத்துணை வலிதாகப் பற்றுகின்றது, எதனைப் பற்றவில்லை, அவ்வளவே. செய்தித்தாள்களின் முதற்பக்கத்துக்கு இவை ஏறமாட்டா.

அவ்வரிசையில் சி.சி.ஆர்.-8 என்னும் வாங்கியும் உண்டு. புற்றுக்கட்டியினுள் நுழைந்து நிர்ப்பீடனத்தை அடக்கும் ஒழுங்காக்கும் ரி-கலங்கள் இதனை மிகுதியாக அணிந்துள்ளன என்று 2016இல் இரு வேறு கூட்டத்தார் காட்டினர். உடலின் பிற இடங்களிலுள்ள அத்தகைய கலங்களில் இது மிகக் குறைவு. ஆகவே சி.சி.ஆர்.-4ஐத் தாக்கியபோது நேர்ந்த தோல்தடிப்பு முதலிய இடர்களின்றிக் கட்டியினுட் காவலரை மட்டும் அகற்றலாமா என்ற நம்பிக்கை பிறந்தது. பல நாட்டுக் கம்பனிகள் மனிதருடைய சி.சி.ஆர்.-8க்கு எதிரான மருந்துகளை ஆக்கி நோயாளரிடத்துப் பரீட்சித்து வருகின்றன. அந்நம்பிக்கை எந்த அளவுக்கு மெய்ப்படும் என்பதை அப்பரீட்சைகளே சொல்லவேண்டும். கீமோகைன் வாங்கிகளை நோக்கிய மருந்துகள் மூட்டுவாதம் முதலிய நோய்களிலே பலமுறை ஏமாற்றியிருக்கின்றன.

அப்பரீட்சைக்கு முன்னர், உயிருள்ள சுண்டெலியின் கட்டியிலே அவ்வாங்கியை அணிந்த கலங்களை அகற்றினால் என்ன நிகழும் என்று பார்க்கவேண்டியிருந்தது. மனிதருடைய வாங்கிக்கென ஆக்கியது சுண்டெலியினுடையதைப் பற்றாது. எனவே சுண்டெலியின் வாங்கியையே பற்றும் பிறபொருளெதிரி தேவை. அதனை எலியின் உடலில் ஆக்குகின்றனர். சுண்டெலியின் வாங்கியைப் பற்றும் எலிப் பிறபொருளெதிரி எந்த நோயாளியின் உடலிலும் செலுத்தப்படமாட்டாது. அதனை விற்று எவரும் செல்வராகார். அதனை ஆக்கியவர் ஓராண்டோ ஈராண்டோ குளிர்ப்பெட்டிக்கும் நுண்காட்டிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்திருப்பர்.